வேலியோரத்துச் சுவர்

பிரிஜெட் வளர்ந்தது பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். கல்யாணத்துக்குப் பிறகு வாடகை வீடு வாடகை வீடாக மாறி, எண்பத்திரண்டில்தான் அவளும் புருஷன் ஆர்தரும் கூலிம் நகரில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டை வாங்கினார்கள். வீட்டில் குறையில்லை. பக்கத்து வீட்டு நிலம்தான் முழங்கால் உயரம் மேடாக இருந்தது. மேட்டின் விளிம்பில் கம்பிவேலி, அதையொட்டிக் கீழே இவர்கள் காடி, அதாவது கார், வரும் பாதை. மழை பெய்தால் மேட்டு மண் கரைந்து பாதையெல்லாம் சேறு. ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் வார்டைக் கழுவிவிட்டு வந்து, வாசலிலும் சேறு வழிக்க வேண்டியிருந்தது அவளுக்கு.

ஆர்தருக்குக் கோலா கெடாவில், லங்காவித் தீவுக்குப் போகும் படகில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவான். "வெயில் அடிச்சா காஞ்சிடும்லா" என்பதோடு அவன் கவலை முடிந்தது.

அவளே கொத்தனாரைப் பிடித்தாள். அவர் வேலியோரமாகச் சிமெண்டுக் கல் அடுக்கிப் பூசிவிட்டுப் போனார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அடைமழை தொடங்கியதும் பின்பக்கம் தேங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அழுத்த, சுவர் வயிறு தள்ளி, ஒரு காலையில் பாதையில் விழுந்து கிடந்தது. ஒரு வேலித்தூணும் சாய்ந்தது. கொத்தனார் தஞ்சோங் டாவாயில் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்றாள் அவர் மனைவி.

பக்கத்து வீட்டுப் பரஞ்சோதி, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"என் தூண் சாஞ்சிருச்சு பாரு, பிரிஜெட்."

"உங்க மண்ணுதான் அண்ணே சுவத்தைத் தள்ளிச்சு. தூணைக் கொஞ்சம் உள்ளே நகர்த்திக்குங்க. நான் ஆழமாத் தோண்டணும்."

"எல்லையிலதான் வேலி நிக்கும். நகர்த்த மாட்டேன்."

லீவு போட்டுவிட்டு அவளே மண்வெட்டியை எடுத்தாள். பாதி தூரம் தோண்டியதும் மண்வெட்டி ணங்கென்று எதிலோ தட்டியது. தூணுக்கு அடியில் ஊற்றிய சிமெண்டுக் கட்டி, எல்லையைத் தாண்டி இவள் பக்கம் பிதுங்கிக்கொண்டிருந்தது. பரஞ்சோதியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அது வீடு கட்டினவன் போட்டது. எனக்கு என்ன தெரியும்?" என்றார் அவர். "உடைச்சா வேலி விழும். நீதான் புதுசாப் போட்டுக் கொடுக்கணும்."

பிரிஜெட் மறுபடி குழிக்குள் இறங்கினாள். பேசினால் வாயில் என்ன வருமோ என்று அவளுக்கே பயம். கட்டியை உடைக்காமல், அந்த இடத்தில் மட்டும் சுவரைத் தன் பாதைப் பக்கம் வளைத்துக் கட்டினாள். அங்கங்கே குழாய்த் துண்டு வைத்துத் தண்ணீர் இறங்க வழிவிட்டு, பின்னால் சல்லிக்கல் கொட்டினாள். கை கொப்பளித்தது. அடுத்த மழையில் சுவர் அசையவில்லை. குழாய் வழியாகத் தெளிந்த தண்ணீர் வந்தது.

அந்தச் சனிக்கிழமை ஆர்தர் காடியை உள்ளே விட்டபோது, வளைவில் உரசிப் பக்கவாட்டில் நீளமாகக் கீறல் விழுந்தது.

"நேராக் கட்டக் கூடாதா? இங்க எதுக்கு வளைச்சே?"

"போய் அவரைக் கேளு."

போனான். நெடுநேரம் கழித்து, காப்பி குடித்த வாயோடு திரும்பி வந்தான்.

"பந்து விளையாட்டு பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். நல்ல மனுஷன்லா அவரு."

"சுவர்?"

"அதைக் கேக்க மறந்துட்டேன்."

பிரிஜெட் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போய்த் துணி துவைக்க உட்கார்ந்தாள். அதன்பின் காடி ரோட்டோரத்தில்தான் நின்றது.