மூங்கில் குருத்து ஊறின தண்ணீர்

எங்கள் கொல்லையில், வாய்க்கால் கரையோரம் ஒரு மூங்கில் புதர் இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததும் குருத்து விடும். அதைச் சாப்பிடலாம் என்று குரும்பகரத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. எங்களுக்கும் தோன்றாமலே இருந்திருக்கலாம்.

தோன்றியது என் தங்கைக்கு. அவள் கணவர் குடகில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் இன்னொரு தோசைக்குத் தட்டை நீட்டமாட்டாள். "போதும் அண்ணி, வயிறு நிறைஞ்சிடுச்சு" என்பாள். பச்சைப் பொய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இது உன் வீடுடி, யாருகிட்ட இந்த நாடகமெல்லாம்?" என்று கத்துவேன். சிரிப்பாள். அவ்வளவுதான்.

அந்த வருஷ மழையில் புதரைப் பார்த்தவளுக்கு முகமே மாறிவிட்டது. "ண்ணே, குடகுல இதுக்கு அடிச்சுக்குவாங்க. ஊறுகாய் போட்டா கோட்டுச்சேரி கடைங்களுக்கே குடுக்கலாம். நான் யாருக்கும் பாரமில்லாம என் கால்ல நின்னுடுவேன்."

என் மனைவி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "மூங்கிலையா? நாம என்ன யானையா?"

"பச்சையா தின்னாத்தான் அண்ணி விஷம். நறுக்கி ஊறவச்சு, வேகவச்சு வடிச்சிட்டா ஒண்ணும் பண்ணாது."

விஷம் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு பேர் வாயில் வைக்கிற பண்டம். பரிசோதிக்காமல் ஒரு பாட்டில்கூட வெளியே போகக்கூடாது என்றேன். பச்சைக் குருத்து ஒரு பொட்டலம், வேகவைத்தது ஒரு டப்பா. எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, காரைக்காலில் தெரிந்தவர் சொன்ன ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன்.

அங்கிருந்த அம்மாள் பச்சைக் குருத்தை நசுக்கிச் சின்ன பாட்டிலில் போட்டார். மஞ்சள் காகிதத் துண்டு ஒன்றை உள்ளே தொங்கவிட்டு இறுக மூடினார். பக்கத்து பாட்டிலில் வெந்தது. வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், பச்சைக் குருத்தின் காகிதம் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கிறது. "சயனைடு சார்" என்றார், உப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்பதுபோல. வெந்ததன் காகிதமும் லேசாகச் சிவந்திருந்தது. இன்னும் வேகவேண்டும், புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி வேகவைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மறுபடி கொண்டுபோனபோது காகிதம் மஞ்சள் மாறாமல் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "அப்ப அந்த விஷம் எங்கம்மா போச்சு?" என்று கேட்டேன்.

"எங்க போவும்? தண்ணியிலதான் சார் இருக்கும். ஊறின தண்ணி, வெந்த தண்ணி எல்லாத்தையும் கொட்டிடச் சொல்லுங்க. ஒரு கரண்டிகூடக் குழம்புல சேரக்கூடாது."

வீட்டுக்கு வந்து இரண்டு பேரிடமும் சுருக்கமாகச் சொன்னேன். "தண்ணியைக் கொட்டிடணுமாம்." இருவரும் தலையாட்டினார்கள்.

எங்கள் வீட்டில் கொட்டுவது என்றால் ஓர் இடம்தான். அரிசி கழுவின தண்ணீரோ வடித்த கஞ்சியோ காய் அலசினதோ, எல்லாம் கொல்லையிலிருக்கும் மாட்டுத் தொட்டிக்குப் போகும். மண்ணில் ஊற்றினால் அதற்கு 'வீணாக்குறது' என்று பெயர். குடகில் தங்கை இருந்த தோட்டத்து லைன் வீட்டில் மாடு கிடையாது. அங்கே கொட்டினால் வாசலுக்கு வெளியே கொட்டுவதுதான். பரிசோதனைக்காக வேகவைத்தபோதெல்லாம் அவளே வேலியோரம் ஊற்றியிருந்தாள்.

விற்பனைக்கென்று முதன்முதலாக ஓர் அண்டா நிறைய ஊறவைத்தாள். காலையில் குருத்தைப் பிழிந்து எடுத்துக்கொண்டிருந்தவள், "அண்ணி, இந்தத் தண்ணியக் கொஞ்சம் கொட்டிடுறீங்களா?" என்றாள். என் மனைவி வழக்கம்போலக் கொண்டுபோய்க் கொட்டினாள். வழக்கம்போலத் தவிடும் புண்ணாக்கும் கரைத்தாள். பசு உறிஞ்சிக் குடித்தது. அவள் பிறந்த வீட்டிலிருந்து கன்றாக வந்தது அது. "ஏ புள்ள" என்று அவள் கூப்பிட்டால் வேறு யார் கையில் புல் இருந்தாலும் திரும்பிவிடும்.

கொஞ்ச நேரத்தில் அவள் அலறல் கேட்டு ஓடினேன். பசு விழுந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. கால்நடை டாக்டர் பைக்கில் வந்து சேர்வதற்குள் அடங்கிவிட்டது. தொட்டியில் கையை விட்டு முகர்ந்து பார்த்தார். "என்ன தண்ணிங்க இது?"

"குருத்து ஊறின தண்ணிங்க. கொட்டச் சொன்னாங்க, கொட்டினேன்."

தங்கை பின்கட்டு வாசலில் ஈரக்கையோடு நின்றாள்.

"உடனே பாத்திருந்தா ஊசி போட்டிருக்கலாம்" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

அவர்கள் இருவரும் சண்டை போட்டிருந்தால் தேவலை. "நான்தானே சொன்னேன்" என்று இவள் அழ, "நான்தானே கொட்டினேன்" என்று அவள் அழ, யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல் நான் நின்றேன். என் கோபத்துக்கு அன்றைக்கு வேலையே இல்லை. தங்கை குருத்து அத்தனையையும் குழி வெட்டிப் புதைத்தாள். "நல்லதுன்னு ரிப்போர்ட்டு இருக்குடி" என்றேன். "இருக்கட்டும்ண்ணே" என்றாள். அந்த மாதமே திருப்பூரில் ஒரு ஹாஸ்டலுக்குச் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நாங்கள் அதன் பிறகு மாடு வாங்கவில்லை. மூங்கில் மட்டும் வருஷா வருஷம் குருத்து விடுகிறது, சனியன்.

இந்தப் பொங்கலுக்குத் தங்கை வந்திருந்தாள். சோறு வடித்துவிட்டுக் கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, பழக்கத்தில் நேரே தொட்டிக்குப் போய்விட்டாள். தொட்டியில் சருகு கிடந்தது. பாத்திரத்தோடு திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, இதை எங்க கொட்டட்டும்?"

என் மனைவி வேலியோரத்து மண்ணைக் காட்டினாள். "வீணாக்கிடும்மா" என்றாள்.