புரி நசுங்கிய ஆணி

எங்கள் வீட்டில் சைக்கிள் ஓடத் தெரிந்த ஒரே ஆள் அம்மாதான். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதுகளில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் சைக்கிளில் போனால் மாடுகள்கூட நின்று பார்க்கும். அம்மா அரசாங்க மருத்துவிச்சி. வயல்வெளியை எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். எந்த வட்டையில் எவளுக்கு வலி கண்டாலும் அந்தச் சைக்கிள்தான் போகவேண்டும். அப்பாவுக்கு வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் ஆண்துணை என்று இருந்தவர் சித்தப்பா. அவருக்குச் சைக்கிள் ஓட வராது. திருத்த மட்டும் வரும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம், சைக்கிளின் வலப்பக்க மிதி ஆடத் தொடங்கியது. மிதியைத் தாங்கும் இரும்புக் கையை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது ஒரு சாய்வான ஆணி. கொட்டர் பின் என்பார்கள். அது தேய்ந்துவிட்டது. புது ஆணி பட்டணத்திலிருந்து வந்திருந்தது. பழையதைக் கழற்றினால் போதும். ஆனால் தோணியில் ஏற்றி இறக்கி, உவர்த்தண்ணீர் பட்டுப் பட்டு, பழைய ஆணி துருவேறி இரும்போடு இரும்பாய்க் கிடந்தது. அந்தக் கிழமை பிள்ளைப்பேறு எதுவும் இல்லை என்று அம்மா சொன்னதால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டார். அடிக்கும்போது மிதி ஆடாமலிருக்க நான் அடியில் கட்டை பிடித்தேன்.

ஆணியின் நுனியில் இருக்கும் நட்டை முழுக்கக் கழற்றக் கூடாது. நுனியோடு மட்டமாக விட்டு, அதன்மேல்தான் அடிக்கவேண்டும். இல்லாவிட்டால் நட்டு ஏறும் புரி நசுங்கிவிடும். இதைச் சித்தப்பா நாலு தரம் சொன்னார். நாலு தரமும் நான் ஓம் என்றேன். பிறகு அவர் மண்ணெண்ணெய் வாங்கப் பக்கத்து வளவுக்குப் போனார்.

வருவதற்குள் கழற்றிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. நட்டுத்தான் ஆணியைத் தடுக்கிறது என்று என் மூளை சொன்னது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் நுனியில் சுத்தியலால் மாறிமாறிப் போட்டேன். ஆணி அசையவில்லை. நுனி மட்டும் நசுங்கி, காளான் தலைபோல விரிந்துவிட்டது. இனி நட்டும் ஏறாது, ஆணியும் துளைக்குள்ளால் வராது.

சித்தப்பா வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். "என்ன புள்ள செஞ்சுவெச்சிரிக்காய்!"

அவர் வாயை மூடுமுன் வேலி வாசல் கடப்படியில் ஒரு ஆள் வந்து நின்றான். ஓடிவந்த மூச்சு. மூன்று மைலுக்கு அப்பால் வட்டைக் கரையில் இருப்பவன். அவன் மனைவிக்கு இரண்டு கிழமை முந்தியே வலி வந்துவிட்டது. தலைப்பிள்ளை. முந்தின கிழமை அம்மாவிடம் வந்தபோது எனக்கு வெள்ளரிப்பிஞ்சு தந்த பெண் அவள்.

அம்மா பையோடு வெளியே வந்து சைக்கிளைப் பார்த்தாள். சித்தப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அண்ணியிடம் திரும்பினார்.

"நான்தான் அடிச்சுப் பழுதாக்கிட்டன், மச்சாள்."

அம்மா செருப்பை மாட்டினாள். வந்தவன்தான் நகரவில்லை. வலி கண்ட வீட்டில் முடிச்சுகளை அவிழ்த்து, பெட்டிகளைத் திறந்து வைப்பது எங்கள் ஊர் வழக்கம். பூட்டிக் கிடப்பது எதுவும் பிள்ளையின் வழியை மறித்துவிடும் என்பார்கள். அம்மாவும் அதைத் தடுக்கமாட்டாள். ஆண்களுக்கும் ஒரு வேலை வேண்டுமே என்பாள். அவன் கண் அந்த ஆணியில் குத்திட்டு நின்றது.

"இது இறுகிக் கிடக்கக்குள்ள போனா சரிவராதும்மா. கழட்டிப்போட்டு வாங்க."

"உன்ட பொஞ்சாதிட வயித்துக்குள்ளயா இந்த ஆணி இரிக்கி? நட!"

அம்மா போட்ட அதட்டலில் அவன் நடந்தான். ஆனால் கடப்படியில் திரும்பி என்னைப் பார்த்து, "புள்ள, எப்பிடியாச்சும் கழட்டிரு" என்றான். கும்பிடவும் செய்தான். என்னை அதற்குமுன் யாரும் கும்பிட்டதில்லை.

அதற்குப்பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெட்டகத்தைத் திறந்தேன், அரிசிப் பானையைத் திறந்தேன், என் பின்னலை அவிழ்த்தேன், கன்றுக்குட்டியின் கயிற்றை அவிழ்த்தேன். அது போய்ப் பால் முழுவதையும் குடித்து முடித்தது. சித்தப்பா அரத்தை எடுத்து, விரிந்த நுனியைத் துளையளவுக்கு ராவத் தொடங்கினார். அரம் வழுக்கி அவர் கையைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி ராவினார். நான் மண்ணெண்ணெய் விட்டேன், சிரட்டைக் கரியை மூட்டி ஊதி ஊதி இரும்பைச் சூடாக்கினேன். அவர் ஒரு தடித்த கம்பியை ஆணியின்மேல் வைத்து அடித்தார். அசையவில்லை. திரும்பவும் சூடு, திரும்பவும் அடி. ஆணி அசையாத ஒவ்வொரு தரமும் அந்தப் பெண் துடிப்பதை நினைத்து எனக்கு அழுகை வந்தது. வெயில் சாய்ந்தது. சித்தப்பாவின் சட்டையில் பிழிந்தால் தண்ணீர் வரும்.

விளக்கு வைக்கும் நேரம், ஓர் அடியில், ஆணி 'ணங்' என்று கீழே விழுந்தது. நான் கடப்படிக்கு ஓடி, வட்டைப் பக்கம் பார்த்து, "கழண்டுட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அம்மா அடுத்தநாள் காலையில்தான் வந்தாள். நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்த்தாள். நான் பின்னாலேயே போய் ஆணி கழன்ற செய்தியைச் சொன்னேன்.

"எந்நேரம்?"

"விளக்கு வெக்கக்குள்ள."

அம்மா இன்னொரு வாளி அள்ளித் தலையில் வார்த்தாள். "அந்நேரந்தான் பிறந்த. பொண்ணு" என்றாள்.

அன்று பள்ளிக்கூடத்தில் நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றியவள் பென்சில் அழிறப்பருக்கெல்லாம் சண்டை பிடிக்கலாமா?

மூன்று மைல். சைக்கிளில் இருபது நிமிடம். நடந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அம்மா போய்ச் சேர்வதற்கு முன்பே பிள்ளை மூச்சில்லாமல் பிறந்துவிட்டது. தாயை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. சித்தப்பா இதை எனக்குச் சொன்னபோது எனக்குப் பதினேழு வயது. சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று அவர்மேல் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது.

நாலாம் வகுப்புக்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? புது ஆணி போட்ட சைக்கிளில் அம்மா அந்தப் பெண்ணைப் பார்க்கப் போய்வரும் போதெல்லாம், பிள்ளைக்கு என்ன பேர் வைத்தார்கள் என்று ஓடிப்போய்க் கேட்பேன். "இன்னும் வெக்கல்ல மகள்" என்பாள். ஒரு பேர் வைக்க இத்தனை நாளா என்று அந்த வீட்டார்மேல் எனக்கு எரிச்சல் வரும். கடைசியில் நானே இரண்டு நல்ல பேர்களை யோசித்து, கொப்பித்தாளில் முத்துமுத்தாக எழுதி, அவர்களிடம் கொடுக்கச் சொன்னேன். அம்மா அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் போனாள்.