வெள்ளிக்கிழமை வானத்துக்குக் காவல்

வலது கையால் சோற்றைக் குவித்து, கோழியை வைத்து, நான்கு பானையிலிருந்தும் குழம்பை ஊற்றி, காகிதத்தை மடித்து ரப்பர் வளையம் போடும்வரை ஹுஸ்னாவின் இடது சுண்டுவிரல் மட்டும் எதிலும் படாமல் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அது போனுக்கு. டிஷ்யூ பெட்டியில் சாய்த்து வைத்த போனில் ஒரு வரைபடம். அதில் சிவப்புக் கோடுகள் ஊரும். விரலால் ஒரு தட்டு. பிறகு அடுத்த ஆளிடம், "பஞ்சிர் போடவா அண்ணே?" என்பாள். குழம்பு வெள்ளமாக வேண்டுமா என்று கேட்கிறாள்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து இரண்டு சந்து தள்ளி என் நாசி கண்டார் சோற்றுக் கடை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பாத்திரம் கழுவ வந்து அந்தக் கடையையே வாங்கினேன். யார் எதற்கு லாயக்கு என்று கையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பதினொரு வருடம் முன் ஹுஸ்னாவைப் பொட்டலம் கட்ட நிறுத்தியவனும் நான்தான். அவள் கை அளவு தப்பாது. ஆனால் இந்த இன்னொரு வேலை எனக்கே பிடிபடவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

போனில் பலர் சேர்ந்து ஆடும் போர் விளையாட்டு அது. ஆளுக்கொரு ஊர் கட்டிக் காக்க வேண்டும். எதிரி விட்ட ஏவுகணை வந்து விழக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் தடுப்புக் கணை விட்டு அதை வானத்திலேயே உடைக்க வேண்டும். ஹுஸ்னாவின் கூட்டணியில் இருபத்தாறு பேர். மற்றவர்கள் எல்லாரும் ஆண்கள்; வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். கூட்டணியில் ஷர்வின் என்ற பையன் மட்டும் இந்து, அவன் பார்க்கலாமே என்றால், புக்கிட் தெங்காவில் அவன் வேலை செய்யும் தொழிற்சாலையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஆகவே ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை எல்லாருடைய வானமும் ஹுஸ்னாவின் பொறுப்பு. எதிரிக்கும் வெள்ளிக்கிழமை தெரியும்.

"ஒரு மிசைலுக்கு ஒன்னுதான் மொதலாளி. பயந்துகிட்டு ரெண்டு விட்டா, அடுத்தது வரும்போது கை காலி" என்பாள். வெற்றுக் கணை எது, வெடிக்கிற கணை எது என்று வரும் வேகத்தை வைத்தே பிரிப்பாள்.

போன மாதம் ஒருமுறை தப்பாகப் பிரித்துவிட்டாள். வெறும் பொம்மை என்று அவள் விட்ட ஒன்று இக்மலின் ராடாரைத் தூக்கிவிட்டது. இக்மல் கூட்டணித் தலைவன். பக்கத்துத் தெருவில் போன் பழுது பார்க்கிறான். நேராகக் கடைக்கே வந்துவிட்டான்.

"ஒங்க ஊருல மட்டும் ஒரு கீறல்கூட விழல பாத்தீங்களாக்கா? இன்னொரு தடவ இப்புடி ஆச்சுன்னா வேற ஆள் போட்டுக்கறோம். நீங்க சோறு கட்டுங்க லா."

"சரி தம்பி. கோழியா, இறாலா?"

சிரிக்காமல்தான் கேட்டாள்.

சென்ற வெள்ளிக்கிழமை எனக்கு முழங்கால் வீங்கி, தொழுகைக்குப் போக முடியாமல் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றே கால் மணி. வரிசை ஓய்ந்திருந்தது.

"எட்டு வருது மொதலாளி."

கூட்டணியின் பொதுக் கிடங்கில் மிச்சம் இருந்த தடுப்புக் கணைகள் ஏழு. எட்டில் ஒன்றும் பொம்மை இல்லை என்றாள். ஆறை உடைத்துவிட்டாள். பாக்கி இரண்டு: ஒன்று இக்மலின் துறைமுகத்துக்கு, ஒன்று இரண்டு வருடமாக அவள் கட்டிய ஊருக்கு. கையில் ஒரே கணை.

"யோசிக்காத புள்ள, ஒன் ஊரப் பாரு. நானெல்லாம் மொதல்ல என் அடுப்பப் பாத்துத்தான் முன்னுக்கு வந்தவன்."

அவள் திரும்பவில்லை. "ஒங்களுக்கு ஒத்த அடுப்பு மொதலாளி. எங்கிட்ட இருவத்தஞ்சு பேரு நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. என்னுதக் காப்பாத்திட்டு இக்மலுத எரியவிட்டா, அன்னிக்கு அவன் சொன்னது நெசமாயிடும் லா."

தட்டினாள். இக்மலின் துறைமுகத்துக்கு மேலே ஒரு புள்ளி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் ஊர் இருந்த இடம் கருகிப்போனது.

நான் பக்கத்துக் கடைச் சுவரைப் பார்த்தேன். வெள்ளம் புகுந்த வருடம், ஊருக்குப் போன பக்கத்துக் கடைக்காரர் சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். என் அரிசி மூட்டைகளையெல்லாம் மாடிக்கு ஏற்றிய பிறகுதான் அந்தச் சாவி ஞாபகம் வந்தது. அதற்குள் அவர் சரக்கெல்லாம் நனைந்துவிட்டது. இத்தனை காலம் அந்தக் கதையை என் கெட்டிக்காரத்தனத்துக்கு உதாரணமாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

இரண்டரைக்கு இக்மல் வந்தான். தொழுகைக்குப் போட்ட சொங்கோக் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனையே பார்த்தபடி நின்றான்.

"அக்கா, ஒங்க ஊரு..."

"ஆமா தம்பி. போச்சு."

அவன் போனில் கூட்டணிக்கு எதையோ தட்டினான். ஹுஸ்னாவின் போன் அடுத்தடுத்து மணி அடித்தது. கூட்டணிக்காரர்கள் ஒவ்வொருவராக, விளையாட்டில் ஊர் கட்டவும் கணை செய்யவும் ஆகும் இரும்பை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"மொதல்ல ஒங்க ஊரக் கட்டுங்கக்கா" என்றான் இக்மல், தரையைப் பார்த்து.

ஹுஸ்னா ஏப்ரனில் கையைத் துடைத்து போனை எடுத்தாள். வந்த இரும்பு அத்தனையையும் பொதுக் கிடங்கில் தடுப்புக் கணை செய்யப் போட்டுவிட்டு, அடுத்த காகிதத்தை விரித்தாள்.