மணிக்கூட்டு மூடிக்குள் என் கீறல்

ஜின் இருக்கிறது என்று மார்க்கம் சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோப்பை உடைந்தாலும் கோழி செத்தாலும் ஜின்தான் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். முப்பது வருடமாகப் பழைய மணிக்கூடுகளைத் திறந்து பார்த்து, திருத்தி, வாங்கி விற்கிற ஆள் நான், எந்தச் சில்லும் காரணமில்லாமல் நின்றதை நான் கண்டதில்லை. ஆகவே இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். என் நெஞ்சுக்குள் மூன்று குழாய்கள் அடைத்திருக்கின்றன என்று கண்டுபிடித்து, கொழும்பில் சத்திரசிகிச்சைக்குக் கட்டிலும் ஒதுக்கிவிட்டார்கள், திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். இதயத்தை நிறுத்தி வைத்துவிட்டு வேலையை முடித்து, பிறகு திரும்ப ஓட விடுவார்களாம். டொக்டர் அதைத் தேநீர் ஊற்றுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நான் நிறுத்திக் கழற்றிய மணிக்கூடுகளில் எத்தனை திரும்ப ஓடவே இல்லை என்பது எனக்குத்தானே தெரியும். பயந்துவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது. போவதே இல்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டு, என் மனைவி ஸுலைஹாவிடம், "கற்பிட்டியில ஒரு நல்ல மணிக்கூடு வந்திருக்காம், அதப் பாத்துப்போட்டு அடுத்த கிழமை போவம்" என்று சொல்லிவிட்டு, அந்தத் திங்கட்கிழமை காலை தில்லையடியிலிருந்து பஸ் ஏறினேன். அவள் ஆஸ்பத்திரிக்கென்று கட்டி வைத்த பையை அவிழ்க்கவில்லை.

விற்க இருந்தவன் முபாறக், கருவாட்டு வியாபாரி, நாற்பது வயது இருக்கும். வெளிநாட்டில் வேலை செய்த காலத்தில் யாரிடமோ வாங்கிய பழைய சுவிஸ் மணிக்கூடு, இப்போது கை தடித்து வார் எட்டவில்லை என்று அலுமாரிக்குள் போட்டு வைத்திருந்தான். அவன் வீட்டில், களப்புத் தண்ணீர் தெரிகிற ஜன்னலோரம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நல்ல பட்டப்பகல், லுஹர் தொழுது அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சாமான் நல்ல சாமான். முகப்பில் மறுபடி பெயின்ட் பூசவில்லை, எழுத்துகளின் ஓரம் கலையாமல் இருந்தது. உடம்பை யாரும் தேய்த்து மினுக்காததால் விளிம்புகள் கூராகவே இருந்தன. சாவி கொடுத்துக் காதில் வைத்தால் சத்தம் சீராக வந்தது. இதையெல்லாம் காட்டிக்கொள்ளாமல் நான் உதட்டைப் பிதுக்கினேன், வாங்குகிறவன் அப்படித்தான் இருக்க வேண்டும். "என்ன நானா, எப்பிடியெண்டு செல்லுங்களே" என்று முபாறக் அவதிப்பட்டான், எங்கள் பக்கம் மூத்தவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். "பொறு தம்பி, உள்ளுக்குப் பாக்கவேணும்" என்று லென்ஸைக் கண்ணில் இறுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மணிக்கூட்டைத் திருத்துகிறவன் பின்மூடியின் உள்பக்கத்தில் தன் அடையாளத்தையும் வருடத்தையும் ஊசியால் பொடியாகக் கீறிவிடுவான். யார், எப்போது கை வைத்தார்கள் என்பது அதில் தெரியும், மதிப்பும் அதை வைத்து ஏறும் இறங்கும். என் அடையாளம் அரபு எழுத்து நூன், ஒரு கிண்ணமும் மேலே ஒரு புள்ளியும், அதன் கீழே வருடத்தின் கடைசி இரண்டு எண். புள்ளி வைக்கப் போனால் எனக்கு ஊசி வழுக்கும், அதனால் புள்ளிக்குப் பதிலாக ஒரு சின்னப் பெருக்கல் அடையாளம் போடுவேன். இது என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

மூடியில் வேறு இரண்டு பேரின் பழைய கீறல்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே என் நூன், பெருக்கல் அடையாளத்தோடு. அந்த மணிக்கூட்டை நான் அதற்கு முன் கண்ணாலும் கண்டதில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் அடையாளம் இருந்தால் நல்ல விலை கிடைக்கும் என்று கள்ளம் செய்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். "ஆரக் கொண்டு இதக் கீறுவிச்ச நீ?" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "அல்லாஹ்வுக்காக நானா, அதத் தொறக்கிற விதமே எனக்குத் தெரியா" என்றான். அப்போதுதான் கீழே இருந்த வருடத்தை வாசித்தேன். அந்த வருடம் பிறக்கவே இன்னும் ஒன்பது வருடம் கிடந்தது. போன நூற்றாண்டாக இருக்குமோ என்றால், மணிக்கூட்டுக்கே ஐம்பது வயதுதான். லென்ஸை அவனிடம் கொடுத்தேன், அவன் ஜன்னலோரம் போய்க் கனநேரம் பார்த்தான்.

"இது இன்னும் வராத வருஷம் தானே நானா. கள்ளமாக் கீறுறவன் வராத வருஷத்தையா போடுவான்?"

நம்பினால் நம்புங்கள், அந்த நேரத்தில் எனக்குப் பயம் வரவே இல்லை, சந்தோஷம்தான் வந்தது. அந்த வருடத்தில் நான் ஊசி பிடிக்கிறேன் என்றால் அதுவரை நான் இருக்கிறேன், என் கையும் நடுங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கருவாட்டு நெடி என்று சமாளித்தேன். மூடியைப் பூட்டி அவன் கையில் கொடுத்து, "வேற ஆருக்கும் குடுத்திராத, நான் சுகமாகி வந்து எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்றே ஸுலைஹாவுக்குப் போன் எடுத்தேன்.

"பை கட்டினபடிதானே இருக்கு?"

"ஓம்."

"எடுத்துக்கொண்டு புத்தளம் பஸ் ஸ்டாண்டுக்கு வா."

அவள் அழுகிற சத்தம் கேட்டது. பொழுது பட்ட பிறகு கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததற்குத் தாதி என்னை ஏசித் தீர்த்தாள், கட்டில் மட்டும் அப்படியே இருந்தது. நிறுத்தினார்கள், திருத்தினார்கள், திரும்ப ஓட விட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

மூன்று மாதம் கழித்து முபாறக்கின் வீட்டுக்குப் போனேன். அலுமாரியிலிருந்து அவனே எடுத்துத் தந்தான், நான் திறந்தேன். பழைய இரண்டு கீறல்களும் இருந்தன. அவற்றுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. தேய்த்து அழித்தால் உலோகத்தில் அந்த இடம் பள்ளம் தட்டும், என் கண்ணுக்கு அது தப்பாது, அப்படி ஒரு தடமும் இல்லை. "நானும் பாத்தேன்தானே நானா, நானும் பாத்தேன்தானே" என்று முபாறக் அதையே சொல்லிக்கொண்டு நின்றான். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேருமே அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன வருடம் வாசித்தாய் என்று கேட்டேன். அவன் சொன்னது நான் வாசித்த வருடமே இல்லை, அதற்கும் பதின்மூன்று வருடம் பிந்திய வருடம். சத்தியம் பண்ணிச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து ஸுலைஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அவருக்கு இளங்கண், அவர் வாசிச்சதுதான் சரி" என்று சொல்லிவிட்டுச் சோறு போட எழுந்து போய்விட்டாள். அந்த மணிக்கூடு இப்போது என் கையில் ஓடுகிறது.

ஆனால் முப்பது வருடமாக லென்ஸ் வைத்துப் பார்க்கிற நான் ஒரு எண்ணைக்கூடப் பிழையாக வாசித்தது கிடையாது. அவனும் பிழையாக வாசிக்கவில்லை என்றால், அவன் அந்த மூடியில் கண்டது நான் எதுவரை இருப்பேன் என்ற வருடமா, இல்லை அவன் எதுவரை இருப்பான் என்ற வருடமா? இதை நான் முபாறக்கிடம் கேட்கவில்லை, ஸுலைஹாவிடமும் சொல்லவில்லை.