காக்காவின் நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி

நுளம்பு நசுங்கிய இரத்தம் என்று நினைத்து, புது லெப்டொப்பின் திரையை எச்சில் தொட்டுத் துடைத்த மடையன் நான். அது அணையாமல் நின்றுபோன ஒரு சிவப்புப் புள்ளி. ஈரத்துணியால் மெல்ல அழுத்தித் தேய்த்தால் சிலவேளை போகும் என்று கடைக்காரர் சொன்னார். அன்றிலிருந்து அதுவே என் முழுநேரத் தொழில்.

அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் கட்டாரிலிருந்து காக்கா வீடியோவில் வந்தார். என் ஒரே அண்ணன். மறுநாள் அவருக்கு இருதய ஒப்பரேஷன். அப்படி ஆபத்தான ஒன்றுக்குப் போகுமுன் உறவுகளிடம் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்பதும், கேட்கப்பட்டவர் வாய்திறந்து பொறுத்தேன் என்பதும் எங்கள் வழக்கம்.

"தம்பி, நான் ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொறுத்துக்கடா."

புள்ளி சரியாக அவர் நெற்றியில் நின்றது. "கொஞ்சம் நில்லுங்க காக்கா, ஒங்கட நெத்தியில சிவப்பு லைட் எரியிது. அத அணைச்சிட்டு வாறன்" என்று துணியை எடுத்தேன். சிரித்தார். சிரித்தபடியே காத்திருந்தார். பிறகு யாரோ கூப்பிட, அழைப்பு நின்றது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காக்கா ஒப்பரேஷனிலிருந்து எழும்பவில்லை. அங்கேயே அடக்கிவிட்டார்கள்.

அவர் மனைவி, என் மதினி, இங்கே இத்தா இருந்தார், கணவனை இழந்தவர் வெளியாருக்கு முகங்காட்டாமல் தனித்திருக்கும் காலம். அவரைப் பார்க்கக்கூடாது என்பதால் கதவுக்கு வெளியே நின்று நடந்ததைச் சொல்லி அழுதேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போகக்குள்ளயும், தம்பி ஒண்டும் சொல்லல்லயே எண்டுதான் போன்ல எனக்கிட்டச் சொன்னாரு. பகிடி விட ஒங்களுக்கு வாய் இருந்திச்சி. ஓம், பொறுத்தன் எண்டு சொல்லத்தான் இல்லாமப் போச்சி."