பேட்டரிக்கு வைத்த பொட்டு

என் அக்காளின் கணவருக்குத் திண்டிவனத்தில் நிலக்கடலை மண்டி. யுத்த காலத்தில், ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கினார். அதற்குள் மின்சாரம் ஓடுகிறது என்பதை மட்டும் அவர் கடைசிவரை நம்பவில்லை. விளக்கு எரிந்தால் கார் நல்ல கார். ஃபியூஸ் போனால் டிரைவர் உதவாதவன்.

ஃபியூஸ் போகும்போதெல்லாம் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகச் சொல்வார். நான் விழுப்புரம் ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். கம்பியும் பேட்டரியும்தான் எனக்குச் சோறு போட்டன.

"மாமா, ஃபியூஸ் போறது வியாதி இல்ல. எங்கியோ ஒயரு தோலுரிஞ்சி இரும்புல படுது. அதத்தான் சொல்லுது" என்றேன்.

"அப்படின்னா எரியாத ஃபியூஸா பாத்துப் போடு மச்சான். ரயில்வேல அது கூடவா இல்ல?"

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

விட்டிருப்பேன். அக்காள் விடவில்லை. விஜயதசமியன்று கடலூர்ப் பக்கத்திலிருந்து அவள் பெண்ணைப் பார்க்க வருகிறார்கள். முன்பு வந்த இரண்டு இடங்கள் மாமாவின் வாயால் கைநழுவின. இதுவும் போனால் இரண்டாம்தாரமாகத்தான் கொடுக்க வேண்டிவரும் என்று அவளுக்குப் பயம். மாமாவோ, விழுப்புரத்தில் இறங்குங்கள், கார் வந்து அழைத்துவரும் என்று சொல்லியனுப்பிவிட்டார். அதே ரயில் திண்டிவனத்துக்கும் வருகிறது. ஆனால் அவர்களைப் பாதியில் இறக்கிப் புழுதி குடிக்கவைத்தால்தானே இவரிடம் கார் இருப்பது தெரியும்?

லீவு போட்டு வந்தேன். முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினேன். பிறகு ஒவ்வொரு கம்பியாகத் தடவிப் போனதில், முன்விளக்குக் கம்பி இரும்புத் தகட்டின் துளையில் உரசி உரசிச் செம்பு பளபளத்தது. அதை மாற்றி, துளைக்கு ரப்பர் வளையம் போட்டு, சரியான ஃபியூஸைப் பொருத்தினேன். கடைசியில் பேட்டரியின் இரண்டு ஈய முனைகளும் மறையும்படி மரத்தில் ஒரு மூடி செய்து, உள்ளே சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். மூடியை யாரும் தொடக்கூடாது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் ஆயுதபூஜை. நான் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் மாமாவின் குரல் கேட்டது.

"மூடியத் தெறடா."

"வேணாங்க மொதலாளி. அவரு தொடாதன்னு சொல்லிக்கீறாருங்க" என்றான் டிரைவர்.

"பழைய சைக்கிள் டியூபு! அதப் போட்டு மூடி வெச்சிக்கினு சாமி கும்புடுவாங்களா? எடு, ஜல்தி!"

ஈய முனைகள் இரண்டும் அவருக்கு மாட்டுக் கொம்புகளாகத் தோன்றின போலும். இரண்டுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். அவற்றின் மேல் தட்டு வைக்க இடம் வாகாக இருந்தது. தேங்காய், வெற்றிலை, எரியும் கற்பூரத்தோடு பித்தளைத் தாம்பாளத்தை இரண்டு முனைகளிலும் படியும்படி இறக்கினார்.

நான் ஓடிவருவதற்குள் பொறி பறந்தது. ஈயம் உருகித் தாம்பாளம் ஒட்டிக்கொண்டது. மண்டி ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்; அந்தப் புகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு. சாக்கை மடித்துப் பிடித்துத் தாம்பாளத்தைத் தட்டித் தள்ளினேன். ஃபியூஸ் ஒன்றுகூடப் போகவில்லை. பேட்டரியின் தலையிலேயே குறுக்குவழி போட்டுக் கொடுத்தால், அதற்கப்பால் இருக்கும் ஃபியூஸ் என்ன செய்யும்?

"பாத்தியா, நீ கை வெச்ச நேரம்!" என்றார் மாமா.

"நாளைக்குக் காரு போவுமாடா?" என்று அக்காள் கேட்டாள்.

"மெட்ராஸ்லேர்ந்து புது பேட்டரி வந்தாத்தான்க்கா."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஸ்டேஷனுக்குப் போய், விழுப்புரத்தில் எனக்குத் தெரிந்தவருக்குச் செய்தி அனுப்பினேன்: வருகிறவர்களை இறங்கவிடாதீர்கள், அதே வண்டியில் அனுப்பிவையுங்கள்.

மறுநாள் அவர்கள் புழுதிபடாமல், சொன்ன நேரத்துக்கு முன்பே ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார்கள். பெண்ணைப் பார்த்தார்கள். பிறகு பிள்ளையின் அப்பா மெதுவாகக் கேட்டார்:

"காரு வரும்னீங்களே?"

காபி கொண்டுவந்த அக்காள் அப்படியே நின்றாள். மாமா கொஞ்சமும் கூசாமல், பூஜையில் சாமியே பேட்டரியில் இறங்கிய கதையை விவரித்தார்.

பிள்ளையின் அப்பா துள்ளி நிமிர்ந்தார். "அட, எங்க ஊட்லயும் இதே பேஜாருதாங்க! வருஷா வருஷம் பூஜ அன்னிக்கிப் பாத்து பேட்டரி போயிடுது. வெள்ளக்காரன் சரக்கு அவ்ளோதான். நேத்தும் போயிடுச்சி. அதான் அடுத்த பூஜைக்குன்னு பித்தளைய உட்டுட்டு வெள்ளித் தட்டு வாங்கிக்கீறேன். இன்னிக்கித் தாம்பூலம் மாத்தறதுக்கும் அதையே கொண்டாந்துட்டேன்."

வெள்ளி, பித்தளையைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். வாயைத் திறந்தேன். அக்காள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அரை மணியில் தாம்பூலம் மாற்றியாயிற்று. அக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சம்பந்திகள் இருவரும் வெள்ளித் தட்டைக் கையில் ஏந்தியபடியே காரைப் பார்க்கக் கிளம்பினார்கள். செத்த பேட்டரிதான். ஆனாலும் அவர்களை நம்பாமல், முன்னால் ஓடி மூடியைப் போட்டுவிட்டு வந்தேன்.