நுனி வெட்டிய கையுறை

என் அலுவலக மேசை இழுப்பறையில் ஒற்றைக் கையுறை ஒன்று கிடக்கிறது. வலது கைக்கானது, சாம்பல் நிறம், ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் கத்தரியால் வெட்டப்பட்டது. ஒரகடத்தில் நான் முதன்முதலில் வேலை பார்த்த தொழிற்சாலையில் தகடு சோதிக்கும் அக்காவுடையது அது. வாலாஜாபாத் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். கார் கதவுக்கான தகடுகள் வர வர, விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக் காகிதத்தில் குறிப்பார். ஒப்பந்தத் தொழிலாளி. ஆண்டுதோறும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால்தான் அவருக்கு வேலை.

காகிதத்துக்குப் பதிலாகப் பெரிய தொடுதிரை டேப்லெட் கொண்டுவர நிர்வாகம் நினைத்தது. ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்து அறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த ஒரு வாரமும் அதை எங்கே வைத்துப் பார்த்தேன் தெரியுமா? ஏசி போட்ட மீட்டிங் அறையில், காபியும் கையுமாக. நியாயமாகச் சொன்னால் நல்ல பொருள்தான். வரைபடத்தைப் பெரிதாக்கினால் சின்னத் துளைகூடத் தெளிவாகத் தெரியும். குறையுள்ள தகட்டைப் படமெடுத்து உடனே அனுப்பலாம். ஆனால் அத்தனை பெரிய திரையில் ‘சரி’, ‘தவறு’ பொத்தான்களை மட்டும் ஏன் மூலையில் மிளகளவுக்கு வைத்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை. கையுறை போட்டுத் தொட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை. ‘கையாள எளிது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டேப்லெட் உற்பத்தி லைனுக்கு வந்த முதல் நாளே அக்கா அதை இடது கையில் ஏந்திக்கொண்டு, “இன்னா சார் இது, முறம் மாரி கீது! இத்தப் புடிச்சிகினு தகட்ட எப்பிடி சார் பாக்கறது?” என்றார். நான் சிரித்தேன். போகப் போகப் பழகிவிடும் என்றேன்.

கையுறை போட்ட விரலுக்கு அந்தத் திரை அசையவே இல்லை. ஒவ்வொரு தகட்டுக்கும் கழற்றி, தொட்டு, மறுபடி மாட்ட வேண்டும். லைன் நிற்கிறது என்று சூப்பர்வைசர் கத்தினார். மூன்றாம் நாள் அக்கா கத்தரியை எடுத்துக் கையுறையின் நுனியை நறுக்கிவிட்டார். வேலை ஓடியது. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை, சூப்பர்வைசர் உட்பட. அடுத்த வாரம் தகட்டு விளிம்பு சரியாக அந்த விரலைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு வந்தவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். காயம் எப்படி இருக்கிறது என்று ஒரு வாய்வார்த்தைக்குக்கூடக் கேட்கவில்லை. கையுறையை மேசைமேல் போட்டு, “இதை வெட்டச் சொல்லி யார் சொன்னது?” என்றார் மேலாளர்.

“யாரும் சொல்லல சார். வெறும் வெரலு பட்டாத்தான் அது கேக்குது. நீங்களே கிளவுஸ் மாட்டிகினு ஒரு வாட்டி தொட்டுப் பாருங்க.”

யாரும் தொடவில்லை. மேலாளர் என் பக்கம் திரும்பி, டேப்லெட் கையாள எளிதுதானா என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே, “ரிப்போர்ட்ல எல்லாம் சரியா இருக்கு சார்” என்றேன். பாதுகாப்புப் பொருளைச் சேதப்படுத்தினார் என்று காரணம் எழுதி, அந்த மாதமே அவரை நிறுத்தினார்கள். வெட்கங்கெட்டவர்கள்! அவர் போன அடுத்த மாதம் ஒவ்வொரு டேப்லெட்டிலும், திரையைத் தொடுவதற்கென்றே ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். அப்படியானால் குறை யாரிடம் இருந்தது? விசாரணை முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு, மேசைமேல் கிடந்த கையுறையை எடுத்து வந்தவன் நான்தான். எடுத்து வரத் தெரிந்தவனுக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை.

இப்போது இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு நிறுவனத்தில் இருக்கிறேன். போன வாரம் ஒரு விற்பனையாளர் அதைவிடப் பெரிய டேப்லெட்டோடு வந்தார். விரலால் தள்ளித் தள்ளி வண்ண வண்ணமாகக் காட்டினார். லைனிலிருந்து புதுக் கையுறை ஒன்றை வரவழைத்து, மாட்டிக்கொண்டு தொடச் சொன்னேன். தொட்டார். அழுத்தினார். திரை அசையவில்லை. சிரித்துக்கொண்டே கழற்றப் போனார்.

“கழட்டாதீங்க. லைன்ல கழட்ட முடியாது” என்று சொல்லிவிட்டு, இழுப்பறையைத் திறந்து அக்காவின் கையுறையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வெட்டிய நுனியைச் சுற்றிப் பழுப்புக் கறை இன்னும் இருக்கிறது. அவர் சிரிப்பு நின்றது. அவர் கொண்டுவந்த மதிப்பீட்டுப் படிவத்தை என் பக்கம் இழுத்து, ‘கையாள எளிதா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதினேன். ஒரே ஒரு சொல். எழுத ஒரு நொடிகூட ஆகவில்லை. அன்றைக்கு அக்கா என் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல எனக்கு என்ன கேடு?